இடது முட்டி லீவர்

— நமக்கேன் வம்பு அருளண்ணே, தெருவுல பேசிக்கிறத சொல்றேன். சாயங்காலம் ஆனா உன் வூட்லேர்ந்து ஒரு அழுகை வருதாம். தெருக்கோடி அந்தோணியார் கெபி வரைக்கும் கேக்குதாம்.

— அழுகை இல்ல செல்வி, கிட்டாரு. அழுறாப்ல பாடுறதுதான் அதோட பொழப்பே.

— இத்தயா கிட்டாருன்ற? போன மாசம் வேன்லேர்ந்து எறக்க சொல்லவே பாத்தேன். இஸ்திரி போடுற மேசைன்னு நெனச்சிகினு கீறேன். கீய பாத்தா காரு மாதிரி பெடலு தொங்குது!

— பெடல் ஸ்டீல் கிட்டாரு. கப்பல்ல போனானே நம்ம பிராங்கிளின், அவன் அனுப்பினது. கை கம்பிய மீட்டும்போதே கால் பெடல மிதிக்கணும், முட்டியால இந்த லீவர ஒதுக்கணும். ஒரு கம்பி மட்டும் சுதி ஏறும், மத்ததெல்லாம் அப்டியே நிக்கும். அந்த ஏறுற எடந்தான் உங்களுக்கு அழுகையா கேக்குது.

— ரெண்டு கை, ரெண்டு கால், முட்டி வேற! ஒண்டி ஆளுக்கு இம்மாம் வேலையா?

— ஒண்டி ஆளுக்கு வேற இன்னா வேலை?

— இப்டி பேசுறியே, அதான் உன் பொண்ணு பயப்படுது. தெனிக்கும் எனக்கு போனு. "அப்பா அழுறாரான்னு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி, வந்து வூட்ட பூட்டிட்டு பெங்களூருக்கு இட்டாந்துடுறேன்"னுது ஜெனி.

— நீ இன்னா சொன்ன?

— நேர்ல பாக்காம ஒண்ணு சொல்றவளா நானு?

— எப்பலேர்ந்து?

— நக்கலு!

— செல்வி, பெங்களூரு வேணாம் எனக்கு. ஜன்னல தொறந்தா அடுத்தவன் ஜன்னலு. இங்கன்னா ஜூடி கல்லறைக்கு நடந்தே போயிட்டு வந்துடுவேன்.

— தெரியும். அண்ணி போனதுலேர்ந்து நீ பூ வாங்குறது இந்த தெருவுக்கே தெரியும். சரி, இப்ப இன்னா பண்ணிகினு கீற?

— லீவர முட்டிக்கு ஏத்தாப்ல வெக்கணும். உக்காந்து பாத்துட்டு, எழுந்து, கீழ படுத்து ஸ்குருவ திருப்பிட்டு, மறுபடி வந்து உக்காந்தா முட்டி வேற எடத்துல நிக்குது. காலைலேர்ந்து இதே பேஜாரு. ரெண்டு ஆளு வேலை. கொஞ்சம் அந்த சேர்ல உக்காரேன்.

— அய்ய! நான் மேல குந்த, நீ கீய படுக்க... யார்னா பாத்தா இன்னா பேசுவாங்க?

— பேசுறவளே நீதானே? நீ உள்ள இருக்கும்போது வெளிய யாரு பேசப்போறா?

— வாய பாரு. எத்த மிதிக்கணும்?

— மொத பெடலு. ம், உடு. இப்ப இடது முட்டிய இடது பக்கமா தள்ளு. எட்டுதா?

— எட்டுது. ஆனா தேட வேண்டிகீது.

— தேடக் கூடாது. சும்மா உக்காந்தாலே பட்டும் படாம முட்டியாண்ட இருக்கணும். பொறு, நகத்துறேன்... இப்போ?

— ஆங். பக்கத்துல ஆளு ஒருத்தரு குந்திகினு கீறா மாதிரி கீது.

— அதேதான். அசையாத, முடுக்கிடுறேன்.

— ஏண்ணே, இம்மாம் நேரம் மிதிக்கிறேன், ஒரு சத்தத்தையும் காணோமே?

— கம்பி போட்டாதான சத்தம் வரும்?

— கயட்டிட்டியா?

— வரும்போதே இல்ல. கம்பி தனியா வரவெச்சேன். இன்னிக்குத்தான் பார்சல் வந்துச்சு, தோ மேச மேல.

— இன்னும் பிரிக்கக்கூட இல்ல?

— லீவரு உக்காந்தப்புறம்...

— அண்ணே. அப்ப நேத்து சாயங்காலம் கேட்டது?

— இந்த ஸ்குரு இன்னும் லூசா இருக்கு.

— அதுக்கு மின்னாடி நாளு?

— செல்வி, அந்த ஸ்பேனர கொஞ்சம் குடு.

— இந்தா.

— நான் இன்னும் கொஞ்ச நேரம் கீழயே இருக்கேன்.

— இரு, இரு. யாரு வேணான்னா? நான் குனிஞ்சு பாக்க மாட்டேன்.

— உன் போனுதான அடிக்குது?

— ஜெனி.

— எடுக்காத செல்வி.

— எடுக்கலன்னா இன்னும் பயந்துக்கும். அல்லோ, ஜெனியா? ஆமாமா, உங்கப்பன் வூட்லதான் குந்திகினு கீறேன். கேட்டேன், என் ரெண்டு காதால கேட்டேன். கிட்டாருதாம்மா அது. இடது முட்டி லீவரு இன்னும் சரியா உக்காரல, நாளைக்கும் கொஞ்சம் அழும். அழட்டும்... நான் வந்து கூட குந்திக்கிறேன்.