ஒட்டுப்பலகைக் கதவு

கந்தம்மாள்: உள்ளார வாங்கக்கா... ஏனுங்க, வாசல்லயே நின்னு கதவத் தட்டிப் பாக்கறீங்க?

பெரியநாயகி: டொக்கு டொக்குங்குது. டீத்தூளு வர்ற பொட்டி செய்யற பலகையில எங்கொழுந்தன் கதவு போட்டிருக்கறாருன்னு ஊரே பேசுது.

கந்தம்மாள்: ஒட்டுப்பலகைங்க. மரத்த மெல்லிசாச் சீவி, ஒண்ணு மேல ஒண்ணு பசை போட்டு அழுத்தறாங்களாம். மேட்டூரு ஓவர்சீயரு படம் போட்டுக் குடுத்தாரு.

பெரியநாயகி: ஒரு பூ இல்ல, ஒரு யானை இல்ல. மொட்டையா...

கந்தம்மாள்: இப்ப அதுதான் அழகாமுங்க. மேல பாருங்க.

பெரியநாயகி: பாத்தேன், பாத்தேன். உத்தரமே காணோம்!

கந்தம்மாள்: பலகைக்கு மேல ஒளிஞ்சிருக்குது. அந்த வளைஞ்ச தடுப்புச் செவுரும் இதே பலகைதான்.

பெரியநாயகி: செவுரு எங்காச்சும் வளையுமா புள்ள?

கந்தம்மாள்: வளைச்சா வளையுதுங்களே!

பெரியநாயகி: ம்... எங்கூட்டு உத்தரத்துல ஒட்டடை அடிச்சே எங்கழுத்து போச்சு. நீ என்னடான்னா மகராசியாட்டம்... எனக்கு வயிறு எரியுது புள்ள. ஒளிக்கல.

கந்தம்மாள்: அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்ப, மாமனாரு ஊடும் தேக்குக் கதவும் உங்களுக்குத்தானுங்க வந்துச்சு.

பெரியநாயகி: அந்தக் கெழட்டுக் கதவா! தள்ளறதுக்கு ரெண்டாளு வேணும்... ஆமா, இதென்ன, கதவு உள்பக்கம் கீழ உப்பியிருக்குது?

கந்தம்மாள்: இப்பத்தான் தெரியுதுங்களா? தாப்பா வரைக்கும் ஏடு ஏடாப் பிரிஞ்சு போச்சு.

பெரியநாயகி: தாப்பா வரைக்குமா!

கந்தம்மாள்: தண்ணி ஆவாதுன்னு ஓவர்சீயரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. வெள்ளிக்கெழம நாங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப, யாரோ கழுவி மஞ்சப் பூசியிருக்கறாங்க.

பெரியநாயகி: வெள்ளிக்கெழம... கதவு கழுவறது வழக்கந்தான...

கந்தம்மாள்: யாருன்னு நாங் கேக்கலீங்களே.

பெரியநாயகி: நாந்தான் சாமி! தண்ணி ஆவாதுன்னு தெரிஞ்சேதான் ஊத்துனேன். பொறாம... ஆனா ஒரு சொம்பு! மாரியாத்தா மேல சத்தியமா ஒரே சொம்பு! அது எப்படித் தாப்பா வரைக்கும்...

கந்தம்மாள்: அழுவாதீங்கக்கா.

பெரியநாயகி: கொழுந்தன்... என்ன சொன்னாரு?

கந்தம்மாள்: இதக் கழட்டி எறிஞ்சுபோட்டு, உங்கூட்டுக் கதவாட்டமே தேக்குல, யானையும் பூவும் வெச்சுச் செய்யச் சொல்லிட்டாரு. ஊடு கட்டறப்பவே கேட்டு அழுதேன். அப்பக் காதுலயே வாங்கல.

பெரியநாயகி: நீயா? எங்கதவு மேல உனக்கு...

கந்தம்மாள்: உங்களுக்கு மட்டுந்தான் வயிறு எரியுமாக்கும்? மஞ்சளும் ஒரு சொம்பும் உங்களுதுங்கக்கா. மிச்சம் நாலு கொடம் நான் ஊத்துனது.