ஹென்றி வாங்கப்போகும் கம்ப்யூட்டர்

கிளாடிஸ்: ...அது சவுண்ட் கார்டு, ஹென்றிண்ணே. அது இல்லாட்டி கம்ப்யூட்டர் ஊமை. லிஸ்ட்ல அடுத்ததைப் படிங்க.

ஹென்றி: மானிட்டர்... கீபோர்டு... மறுபடியும் கீபோர்டு. ரிச்சி தெரு கடைக்காரன் ரெண்டு தடவை எழுதியிருக்கான் பாரு.

கிளாடிஸ்: ஒண்ணு டைப் அடிக்க. இன்னொண்ணு வாசிக்க.

ஹென்றி: இருபத்தாறு வருஷமா கோவில்ல ஆர்கன் வாசிக்கிறவனுக்கு, வாசிக்கிற கீபோர்டு எதுன்னு நீ பாடம் எடுக்குற.

கிளாடிஸ்: கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தா நான்தான் டீச்சர். நாலு மணி பேட்ச்சுக்கு வர்ற பிள்ளைங்க உங்களை விட சீக்கிரம் புரிஞ்சுக்குது. டீ ஆறுது, குடிங்க.

ஹென்றி: இரு, மௌஸை விட்டுட்டுக் குடிக்கிறேன்.

கிளாடிஸ்: இன்னொரு கையில எடுத்தா...

ஹென்றி: அது பாக்கெட்ல சௌகரியமா இருக்கு, விடு. ஆமா, கிளிஃபர்ட் வேற மாதிரி சொல்றானே. கம்ப்யூட்டரே வேணாம், ஃப்ளாப்பி போடுற பெரிய கீபோர்டு ஒண்ணு போதும்ங்கறான்.

கிளாடிஸ்: அவர் கல்யாணக் கச்சேரியில வாசிக்கிறவர், அவருக்கு அது சரி. அதுல தப்பா வாசிச்சதைத் திருத்தறதுக்குள்ள உயிர் போயிடும். உங்களுக்கு இதுதான்.

ஹென்றி: இந்த சீக்வென்சர்னா இன்னா?

கிளாடிஸ்: அதுதான் சாஃப்ட்வேர். நீங்க வாசிக்கிறதை அப்படியே குறிச்சு வெச்சுக்கும். அது மேல டிரம்ஸ், வயலின், புல்லாங்குழல்னு ஒண்ணொண்ணா ஏத்திக்கலாம். தனி ஆளா ஒரு கேசட்டே முடிச்சிரலாம்.

ஹென்றி: தாளம் கொஞ்சம் முன்ன பின்ன போனா...?

கிளாடிஸ்: அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. எல்லாத்தையும் தாளத்துல கொண்டுபோய் நிறுத்திடும்.

ஹென்றி: அது வேணும்.

கிளாடிஸ்: போன கிறிஸ்துமஸுக்கு நம்ம கொயர்ல பாடுற ஷெரில் இதையே சொன்னப்போ, "அது கள்ளச் சீட்டு"ன்னீங்க. பாவம், அந்தப் பொண்ணு முகமே சுருங்கிப்போச்சு.

ஹென்றி: அப்ப மெஷின் வாங்குற எண்ணம் இல்லை.

கிளாடிஸ்: இப்ப எண்ணம் மட்டுமா... ஆர்கனையே விடப்போறீங்களாமே. கோவில் உபதேசியார் சொன்னார்.

ஹென்றி: அந்த ஆளு வாயில எதுவும் நிக்காது. ஆமா, லெட்டர் சட்டைப் பையில இருக்கு. இங்கேர்ந்து நேரா போய் ஃபாதர் கையில குடுத்துருவேன்.

கிளாடிஸ்: காரணம்?

ஹென்றி: எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணப்போறேன், நேரம் இல்லை.

கிளாடிஸ்: ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கூடவா...

ஹென்றி: நிஜத்தைச் சொல்லவா? உன் கொயர்தான். ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸை இழுக்கிற மாதிரி ஆறு மாசமா இழுக்குறீங்க. காணிக்கைப் பாட்டு முடியறதுக்குள்ள தட்டு ரெண்டு சுத்து வந்துடுது. புது ஃபாதரே கேட்டார், கொயர் தூங்குதான்னு.

கிளாடிஸ்: என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். நான்தானே லீடர்.

ஹென்றி: நீ இன்னா சொன்ன?

கிளாடிஸ்: மூச்சு பத்தலை ஃபாதர்னேன்.

ஹென்றி: உனக்கா? நீ மூச்சு பிடிச்சா மெரினா வரைக்கும் கேக்குமே.

கிளாடிஸ்: திட்டு வாங்கிக்கிட்டேன். விடுங்க. அடுத்த வரி.

ஹென்றி: கிளாடிஸ்... ஒண்ணு கேக்கணும். இதுல ரெண்டு கையும் ஒரே சமயத்துல வாசிக்கணும்னு கட்டாயமா?

கிளாடிஸ்: இல்லை.

ஹென்றி: முதல்ல வலது கை பாகம்... அப்புறம் இடது கை பாகம்...

கிளாடிஸ்: தனித்தனியா வாசிக்கலாம்.

ஹென்றி: அந்த இடது கை பாகத்தை... சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்...

கிளாடிஸ்: வலது கையாலயே வாசிக்கலாம். வேகம் கூட வேண்டாம். ஒரு கட்டையை அமுக்கிட்டு, நிதானமா யோசிச்சு அடுத்ததை அமுக்கலாம். ஒரு விரல் போதும். திருப்பிப் போட்டுக் கேக்கும்போது ஓடும்.

ஹென்றி: எல்லா சாஃப்ட்வேர்லயும் அது உண்டா?

கிளாடிஸ்: கடையில மூணு காட்டினாங்க. ரெண்டுல சுத்தி வளைச்சுப் போகணும். இதுல சுலபம்.

ஹென்றி: இதுக்கு ஏற்கெனவே டிக் போட்டிருக்கே. பச்சை மை... உன் பேனாதானே?

கிளாடிஸ்: லிஸ்டை இப்படிக் குடுங்க.

ஹென்றி: நான் கேக்குறதுக்கு முன்னாடியே போட்டிருக்க.

கிளாடிஸ்: டீ சுத்தமா ஆறிப்போச்சு. வேற சொல்றேன்.

ஹென்றி: ரெண்டு விரல், கிளாடிஸ். மோதிர விரலும் சுண்டு விரலும். கட்டை மேல இருக்கா இல்லையான்னே தெரியலை. குனிஞ்சு பாத்துப் பாத்து வெக்கிறேன். சர்க்கரைங்கறார் ராயப்பேட்டை டாக்டர். யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி, மரியாதையா விலகிரலாம்னு...

கிளாடிஸ்: மெஷினை வாங்குங்கண்ணே. நல்லா பண்ணுங்க. முதல் கேசட்டுக்கு நான் பாடுறேன். ஆனா ஆர்கனை எதுக்கு விடணும்?

ஹென்றி: ஆர்கன்ல அந்த பட்டன் இல்லையேம்மா... தாளத்துல கொண்டுபோய் நிறுத்துறதுக்கு.

கிளாடிஸ்: ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை, நீங்க கிளம்பினப்புறம் பதினாறு பேரும் மாடிப்படியில உக்காந்து பேசினோம். உங்க சுண்டு விரல் கட்டையைத் தொட்டப்புறம்தான் அடுத்த வரியை எடுக்கறதுன்னு. பக்கத்துல நிக்கிற ஷெரில் உங்க கையைப் பாத்துட்டு பாட்டு புக்கை லேசா அசைப்பா. அதுக்குத்தான் ஆறு மாசமா இழுக்குறோம். இன்னிக்கு ஃபாதர் பங்களா பக்கம் போகாதீங்க. நேரா ரிச்சி தெரு போங்க. புதன்கிழமை ஆறரைக்கு பிராக்டிஸ்.