இருபத்தோராவது படகு

டீ வேண்டாம் சார். காலையில் ஒன்றுக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். நீங்கள் குடியுங்கள். நான் சொல்லச் சொல்ல அந்த ஏட்டம்மா எழுதிக்கொள்ளட்டும், வேகமாகப் பேசமாட்டேன்.

பெயர் பாலகணேஷ். வீடு முத்தையாபுரம். லிங்கராஜ் அண்ணாச்சியின் படகு எஞ்சின் கடையில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை. சின்னப் படகில் தனியாகக் கடலுக்குப் போகிறவர்களுக்காக அண்ணாச்சி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். படகில் ஒரு கருவி இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை ‘இருக்கேன்’ என்று எங்களுக்குத் தகவல் அனுப்பும். அதைக் கவனிக்க நான் ஒரு மென்பொருளைப் பிடித்தேன். கம்பெனிகளில் குறித்த நேரத்துக்குத் தானாக ஓடவேண்டிய கம்ப்யூட்டர் வேலைகள் ஓடினவா என்று பார்ப்பதற்காகச் செய்தது அது. தகவல் வந்தால் பச்சை. ஒரு மணி நேரம் வராவிட்டால் சிவப்பு, என் போன் அலறும். ஒவ்வொரு படகையும் ஒரு வேலையாகப் பதிந்து வைத்தேன். அந்த யோசனை என்னுடையது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி, “நம்ம பயலுக்கு மூளையப் பாத்தியளா” என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நாங்கள் கட்டிய சந்தாவுக்கு இருபது இடம். இருபதும் நிறைந்திருந்தது. பங்குனியில் பில்லைக் காட்டியபோது, “இது இன்னும் ஏறுமோலே?” என்று அண்ணாச்சி கேட்டார். கடையில் நாலு பேர் நின்றார்கள். “ஒரு பைசா ஏறாது அண்ணாச்சி, நான் பொறுப்பு” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மறு வாரமே இனிகோ வந்தார். திரேஸ்புரத்துக்காரர், தனியாளாக நண்டு வலை போடுகிறவர். இருபத்தோராவது படகு.

அடுத்த சந்தாவுக்கு மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய் கூடும். கேட்டிருந்தால் அண்ணாச்சி முகம் சுளிக்காமல் தந்திருப்பார். சொன்ன ஈரம் காய்வதற்குள் எப்படிப் போய் நிற்பது என்று நான்தான் கேட்கவில்லை. இனிகோவின் கருவியை, ஜெஃப்ரி என்பவருடைய படகின் இடத்திலேயே சேர்த்துவிட்டேன். மென்பொருளுக்கு இரண்டும் ஒரே படகு. இருவரில் ஒருவர் ‘இருக்கேன்’ என்றால் போதும், பச்சை எரியும். மற்றவர் பேசாமல் போனால் அதற்குத் தெரியாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள்.

நான்கு மாதம் குறையில்லாமல் ஓடியது. நானும் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்துக்கு மணிக்கு நான்கு தகவல் வருகிறதா என்று அவ்வப்போது திறந்து எண்ணிப் பார்ப்பேன்.

ஆடி பன்னிரண்டாம் தேதி கச்சான் காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. பதினொன்றரைக்கு எண்ணினேன். ஒன்பதரையிலிருந்து மணிக்கு இரண்டுதான் வந்திருந்தது. கருவி எண்ணைப் பார்த்தேன், இரண்டும் ஜெஃப்ரியுடையவை.

வலை போடுகிற இடம் அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது என்று சிலர் கருவியை அணைத்துவிடுவார்கள். இனிகோவும் அப்படித்தான் செய்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். அவர் போனுக்கு ஒருமுறை அடித்தேன், போகவில்லை. அண்ணாச்சி நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னால், “ஏலே, அது ஏன் தானா அலறல?” என்றுதான் முதலில் கேட்பார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மதியம் கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு இனிகோவின் மனைவி ஈவாஞ்சலின் போன் செய்தார்.

“தம்பி, ரெண்டு மணிக்கெல்லாம் கரை புடிச்சிருவாரு. இன்னும் காணல. ஒங்க மிசின்ல என்ன காட்டுது?”

“பச்சையாத்தான் இருக்கு அக்கா. பயப்படாதீங்க.”

“மாதாவே. நீ நல்லாருப்ப தம்பி” என்று வைத்துவிட்டார். அதை நம்பித்தான் அவர் விளக்கு வைக்கும் நேரம் வரை யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் முயல் தீவுப் பக்கம் கிடைத்தார். மிதப்பதற்காகக் காலி டீசல் கேன் ஒன்றைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. கடையில் கேட்டவர்களிடம், அவர் கருவியை அணைத்து வைத்திருந்தார் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஈவாஞ்சலின் கடைக்கு வந்தார். “எங்கிட்டகூடச் சொல்லாம அணைச்சு வச்சிருக்காரே தம்பி. ரெண்டு கூடை நண்டுக்கா உசுர விட்டாரு? பிள்ளையளுக்கு நான் என்னன்னு சொல்ல?” என்றார்.

“பச்சைன்னியே” என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அந்தப் பேச்சே அவருக்கு நினைவில் இல்லை போலிருந்தது. “கடல்ல வழக்கந்தான் அக்கா” என்றேன்.

இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கிற பில்லுக்கு வருகிறேன். ஆடி பன்னிரண்டு, பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு, சந்தா உயர்த்தப்பட்டது. இனிகோ அணைத்துவிட்டார் என்று நம்பினவன் அந்த நேரத்தில் ஏன் சந்தாவை உயர்த்தினான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இருபத்தோராவது இடத்தை வாங்கி அவரை அதற்கு மாற்றினேன். பழைய இடத்திலிருந்து அவருடைய தகவல்களை அழித்தேன். ஒரு தகவலும் வராத புது இடம் சிவப்பாகாது, அலறாது, சாம்பல் நிறத்தில் சும்மா இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, அன்று அவர் கருவியைப் போடவே இல்லை என்று தோன்றும். ஈவாஞ்சலினிடம் நான் சொன்ன பச்சை, ஜெஃப்ரியுடைய பச்சை.

இனிகோ அணைக்கவில்லை சார். கடலுக்குப் போன ஒரு நாளும் அவர் அணைத்ததில்லை. படகுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதினொன்றரைக்கே எனக்குத் தெரியும். அப்போதே அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தால் மதியத்துக்குள் ஆளைத் தூக்கியிருப்பார்கள். நாலு பேர் முன்னால் மூக்குடைபடக் கூசி, கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதனைச் சாகவிட்டேன். அதற்குப் பிறகு, பேராசைக்காரன் என்ற பெயரையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ராத்திரியும் பகலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? வரும்போது பார்த்தேன், ஈவாஞ்சலின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார். என்னை அந்தப் பக்கமாக அழைத்துப் போகவேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.