இல்லாத மாடியில் கிடைத்த மோட்டார்

மேலே பெயரும் முகவரியும் குறிக்கப்பட்ட நான், வயது அறுபத்தெட்டு, ஐந்தாம் வகுப்பு படித்தவள், கோர்ட்டில் சொல்வது: என் மகன் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். ஒரே அறையுள்ள வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வாசலில், தெருவே பார்க்க, ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். அப்போது எஸ்.ஐ.யும் ஏட்டும் ஜீப்பில் வந்து இறங்கி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வாரண்டெல்லாம் வேணாம் கிழவி. சந்தேகம் இருந்தா போதும்," என்றார் எஸ்.ஐ.

"சரி, பிடிங்க. என்ன சந்தேகம்னு சொல்லிட்டுப் பிடிங்க. வீட்டைச் சோதனை போடணும்னா அக்கம்பக்கத்துல ரெண்டு பேரைக் கூப்பிடுங்க."

"நீ எந்தக் காலேஜுல சட்டம் படிச்ச?"

"அஞ்சாவதுதான் சார். படிச்ச வரைக்கும் ஒழுங்காப் படிச்சேன்."

அதன் பிறகு இருவரும் பூட்ஸ் காலோடு உள்ளே புகுந்து, என் புடவைகளைத் தரையில் கொட்டி, மாவு டப்பாவில் கையை விட்டுத் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு வாசலில் கிடந்த மோட்டாரையே எடுத்துக்கொண்டு மகனை ஜீப்பில் ஏற்றினார்கள். அது சலவைக்காரர் பழுது பார்க்கக் கொடுத்தது, அவரைக் கேளுங்கள் என்று அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு நான் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். மூன்று மணி நேரம் நிற்க வைத்த பின் ஏட்டு ஒரு தாளையும் மை டப்பாவையும் நீட்டி, "கட்டை விரலை வைம்மா, பையனைப் பார்க்கலாம்," என்றார். படிக்காமல் எதுவும் வைக்கமாட்டேன் என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டில் பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜர் அது. நான் கண்டிராத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திருட்டு மோட்டார் மாடி அறைப் பரணில் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததாக எழுதியிருந்தது.

"எந்த மாடி சார்?" என்று கேட்டேன்.

ஏட்டு எஸ்.ஐ.யிடம், "போன கேஸ் மகஜரைப் பார்த்து எழுதினேன் சார், மாத்த மறந்துட்டேன்," என்றார்.

எஸ்.ஐ. என்னிடம், "நீ போடலேன்னா உன் மகன் வெளியே வரமாட்டான், ஞாபகம் வெச்சுக்கோ," என்றார். நான் ரேகை வைக்காமல் தாளை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதே தாளைக் காட்டித்தான் ஐந்து நாளாக அவனை அடைத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு மேலே இருப்பது தகரம், அதற்கு மேலே வானம். சந்தேகம் இருந்தால் கோர்ட்டார் இன்றே வந்து பார்க்கலாம். வாரண்ட் வேண்டாம், கதவை நானே திறந்து விடுகிறேன்.

சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)