‘வேணுமா’ என்று கேட்காத ஸ்கேன் அக்காவுக்கு

மூளையைப் படமெடுக்கும் அறையின் முன்வாசலில் முப்பத்தோர் ஆண்டுகள் முனைந்து நின்ற முதல்வியே! மோதிரம் முதல் ஊக்கு வரை முகம் கோணாமல் கழற்ற வைத்து, அஞ்சி வந்தோரை ஆற்றி அனுப்பிய அருமை அக்காவே! ஓய்வு என்னும் சொல்லே ஒட்டாத ஓயாத கால்களுக்கு உரியவரே! வணக்கம். இந்தப் பணிநிறைவு விழாவில் இம்மடலை நாங்கள் வாசித்து முடிக்கும் வரையிலாவது தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள்.

ஒரு வாரமாகத் தாங்கள் படும் பாட்டைக் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தீர்கள். பூட்டிய அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினீர்கள். மாடிப்படியில் தாங்கள் ஏறி இறங்கிய கணக்குக்கு லிப்டே வெட்கப்பட்டிருக்கும். வரவேற்பு மேசைத் தங்கை, “திங்கட்கிழமைல இருந்து என்னக்கா செய்யப் போறீங்க?” என்று கேட்டபோது மட்டும் அந்தக் கால்கள் நின்றன. உடனே, துடைத்த மேசையையே மறுபடி துடைக்கப் போனீர்கள். பெரிய டாக்டரையே பேச்சில் மடக்கும் தாங்கள் ஒரு கேள்விக்கு நழுவியதை அன்றுதான் கண்டோம். அன்றுமுதல் எங்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

தாங்கள் செய்த தொண்டுகளையெல்லாம் அடுக்கினால் இன்று யாரும் வீடு போய்ச் சேர முடியாது. ஆகவே ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். மனச்சிதைவு நோயோடு நம் வார்டுக்கு வந்த தையற்கார அண்ணன்தான் அவர். இல்லாத குரல்கள் காதில் கேட்பது மருந்தால் அடங்கியது. ஆனால் போன பேச்சும், போன முகக்களையும், ஒரு வேலையைத் தொடங்கும் முனைப்பும் திரும்பவே இல்லை. மூலை நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் மாலை வரை அங்கேயேதான் இருப்பார். நோய் பறித்துக்கொண்ட இவற்றை ‘எதிர்மறை அறிகுறிகள்’ என்று மருத்துவர்கள் குறிப்பில் எழுதினார்கள். நாங்களோ, இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், ‘சோம்பேறி’ என்று முணுமுணுத்தோம்.

ஆய்வுக்காக, திரையில் ஒரு சிறு விளையாட்டை ஆடவிட்டபடி அவர் மூளையைத் தாங்கள் படமெடுத்தீர்கள். திரையில் வட்டம் தோன்றினால் பரிசுப் புள்ளி வரப்போகிறது என்று பொருள். வட்டத்தைக் கண்டதும் ஆவலில் துடிக்க வேண்டிய பகுதி, அவருக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. புள்ளி கைக்கு வந்தபோதோ, மூளை மகிழத்தான் செய்தது. இந்நோய் உள்ள பலரிடம் ஆய்வாளர்கள் இப்படிக் கண்டிருக்கிறார்கள் என்றாலும், ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார் டாக்டர். தாங்கள் விடவில்லை.

“படம் தப்பாவே இருக்கட்டும் டாக்டர். அவருக்குச் சந்தோஷம் இருக்கு, அது வரப்போகுதுன்னுதான் முன்கூட்டித் தெரியல. ‘வேணுமா’ன்னு கேக்காம, நாமளே ஒரு வேலைய ஆரம்பிச்சு வச்சுப் பாத்தா குடியா முழுகிடும்?”

மறுநாள் பொத்தான் தொங்கிய தங்கள் மேலங்கியை அவர் மடியில் வைத்து, ஊசியில் நூல் கோத்து, முதல் தையலைத் தாங்களே போட்டீர்கள். தையலா அது! பார்க்கச் சகிக்காத அந்தக் கோணல் தையலை அண்ணன் சற்று நேரம் பார்த்தார். பிரித்தார். தானே தைத்தார். கையைப் பின்னிழுத்தால் வற்புறுத்தக் கூடாது, மறுநாள் மறுபடி வைக்க வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளையிட்டீர்கள். தம்பியை நிரந்தரமாக நம் மருத்துவமனைக் காப்பகத்திலேயே விடக் கையெழுத்துப் போட வந்திருந்த அவருடைய அக்காள், “எதுலயும் ஆசையே இல்லாதவனுக்கு வீடா இருந்தா என்ன, இங்கன்னா என்ன?” என்றிருந்தவர், அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் இன்று அக்காள் வீட்டில் இருக்கிறார். இன்றும் அதிகம் பேசுவதில்லை, சில நாள் தையல் எந்திரத்தின் பக்கமே போவதில்லை.

இனி எங்கள் குற்றத்தைக் கேளுங்கள். இந்த விழாவுக்கு வருகிறாரா என்று அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். பதில் இல்லை. ‘வரமாட்டார்’ என்று பட்டியலில் எழுதினோம். இத்தனை ஆண்டு தாங்கள் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லியும், தாங்கள் கிளம்பும் முன்பே பழைய புத்தியைக் காட்டிவிட்டோம். நேற்று மாலைதான் உறைத்தது. உடனே எழுதியதை அடித்துவிட்டு, இன்று காலை அவர் வீட்டுக்கே போய் நின்றோம். சட்டையை எடுத்து நீட்டினோம், போட்டுக்கொண்டார். மூன்றாம் வரிசையில், ஓர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் கைதட்டாமல் போகலாம், சிரிக்காமலும் போகலாம். வந்திருக்கிறார். அக்கா, எழுந்து ஓடாதீர்கள், மடல் இன்னும் முடியவில்லை!

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாண்டியும் இதே துடுக்கோடு தாங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம். ஓய்வில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று இனி யாரும் தங்களைக் கேட்க மாட்டோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் வாசலில் வண்டி நிற்கும். வார்டில் புதிதாகத் தொடங்கும் தையல் வகுப்புக்கு, முதல் தையலைக் கோணலாகப் போட ஓர் ஆள் தேவை. மனமில்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், வற்புறுத்த மாட்டோம். அடுத்த திங்கட்கிழமையும் வருவோம்.

தங்கள் பிரிவுக்கு இன்னும் பழகாத,
மனநலப் பிரிவு ஊழியர்கள்