சூடேறும் வரைக்கும்

— அவசரப்படாதீங்க அண்ணி. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காம சும்மா உக்காருங்க. அதுவா எப்படி ஓடுதுன்னு எனக்குப் போன்ல கேக்கணும்.

— எங்க ஓடுது? விடாம இருமுது. ஸ்டியரிங் புடிச்ச கையெல்லாம் உதறுது தம்பி. பேசாம உன் வொர்க்‌ஷாப்புக்கே ஓட்டிட்டு வந்திருப்பேன்.

— வந்தீங்களே, மறந்துட்டீங்களா? இங்க வந்து சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாகி சமர்த்துப் பிள்ளையாட்டம் நிக்குது. ராத்திரி முழுக்க ஆறிக் கெடந்துட்டு முதல் ஸ்டார்ட்லதானே மக்கர் பண்ணுது? அதான் அங்கேயே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மீட்டர் முள்ளு எங்க நிக்குது?

— நின்னாத்தானே! ஏறுது, இறங்குது. அணையப் போகுதுன்னு பார்த்தா மறுபடி எழுந்துக்குது. உங்க அண்ணன் இருந்தவரைக்கும் இது இப்படிப் பண்ணினதே இல்ல.

— அவர் வண்டியைக் குழந்தையாட்டம் வச்சிருந்தார். சரி, உஸ்ஸுன்னு காத்து போற சத்தம் ஏதாவது கேக்குதா?

— இல்ல. பெட்ரோல் வாடைதான். குமட்டிக்கிட்டு வருது.

— அப்ப காத்துக் குழாய் நல்லாத்தான் இருக்கு. இன்ஜின் சூட்டைப் பார்க்கற சென்சார்தான் தப்புத்தப்பா கணக்கு சொல்லுது போல. பெட்ரோல் கண்டபடி இறங்குது. சின்ன வேலை, மத்தியானம் வந்து மாத்திடறேன்.

— மாத்தினா இப்படி உதறாதா?

— பூ மாதிரி ஓடும்.

— அப்போ வேணாம்.

— என்ன வேணாமா? நல்ல கூத்தா இருக்கே! ஒரு வாரமா நீங்கதானே என்னை நச்சரிச்சீங்க?

— எதிர்வீட்டுக்காரர் தொல்லை தாங்காமச் சொன்னேன். காலங்கார்த்தால என்னம்மா மாவு மில்லு ஓட்டறியான்னு கத்தறார். இப்ப அவருக்குக் கேக்கறதில்ல. கார் ஷெட்டு ஷட்டரை இறக்கிட்டுத்தான் ஸ்டார்ட் பண்றேன்.

— ஷட்டரை... அண்ணி, இப்ப மூடியா இருக்கு?

— ஆமா. ஏன் கத்தறே? ஏற்கெனவே தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

— ஐயோ! முதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க! அந்தப் புகை விஷம் அண்ணி. தூக்கம் வர்ற மாதிரி ஆளைச் சாய்ச்சுடும். ஆஃப் பண்ணிட்டீங்களா?

— மெதுவாப் பேசு. அவர் வந்திருக்கார்.

— யாரு?

— உங்க அண்ணன். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கார். வண்டி உதற ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல வந்துடறார். சூடேறி சத்தம் அடங்கினா போயிடறார். சத்தம் அடங்கவே வேணாம் தம்பி.

— அண்ணன் செத்துப்போயிட்டார் அண்ணி! என் கையாலதானே மண்ணு போட்டேன்? மூளைக்கு நல்ல காத்து போகலேன்னா இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நான் சொல்றதைக் கேளுங்க, உங்க காலைப் புடிச்சுக்கறேன்.

— என்னமோ போ. இத்தனை நாள் சுவத்தோட பேசிட்டிருந்தேன். இப்ப நிம்மதியா இருக்கு.

— ஸ்டார்ட் பண்ணச் சொன்ன என்னைச் செருப்பால அடிக்கணும்! ஷட்டர்னு சொன்னதுமே பைக்ல கிளம்பிட்டேன், உங்க தெருவுக்குத் திரும்பிட்டேன். ஷட்டரை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. ஒரு சாண் போதும்.

— கால் வரமாட்டேங்குது. மரத்துப்போச்சு.

— ஹாரனாவது அடிங்க! அண்ணி! தூங்கிடாதீங்க, ஏதாவது பேசிட்டே இருங்க!

— அவர் போனைக் கேக்கறார் தம்பி... உன்கிட்டப் பேசணுமாம்... இந்தா...

— அண்ணி? அண்ணி!

— டேய், நான்தாண்டா. இன்ஜினை அணைச்சுட்டேன், ஷட்டரையும் தூக்கிட்டேன். இவளைத் தூக்கப் போனாத்தான் என் கை இவ மேல நிக்காம ஊடே போயிடுது, சீக்கிரம் ஓடி வா.