பிரித்தவன் மூடும் வரை

— …மொதமொதல்ல வாங்குனது சுத்தியலுங்க, ராயப்பண்ணா. எருமக் கன்னு வித்த காசு. திருச்செங்கோட்டுச் சந்தையிலிருந்து மடியில கட்டிக்கிட்டே வந்தேன், வழியில எவனாச்சும் புடுங்கிப் போடுவானோன்னு. விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா, எங்காத்தா பாவாயி அதுல தேங்கா ஒடச்சுக்கிட்டு இருக்கறா!

— உடைஞ்சுதா?

— தேங்காயிங்களா?

— சுத்தியல்.

— பிடி போயிருச்சுங். மெக்கானிக்கு தங்கசாமியோட மொத ஆயுதம் முழுசா ஒரு நாள் பொழைக்கலீங்க. அதுக்குத்தான் இன்னைக்குக் காலம்பர எல்லாச் சாமானுக்கும் முந்தி அந்தச் சுத்தியலுக்குச் சந்தனம் வெச்சேன். பாவப்பட்ட உசிரு.

— சிரிச்சுக்கிட்டே கியர் பாக்ஸை விட்டுடாதே. இன்னும் ஒரு போல்ட்டு இருக்கு.

— புடிச்சிருக்கறனுங். பூசையில வெச்ச ஆயுதத்தத்தான் நாளைக்கு வரைக்கும் தொடப்படாது. கை ஆயுதமில்லீங்களே.

— வந்துடுச்சு. மெதுவா இறக்கு. சாக்கு மேலே வை.

— அப்பாடா! பொணம் கனம் கனக்குது. ஏனுங்கண்ணா, ஆயுத பூசை அன்னைக்கு இந்தப் பக்கம் படுக்கற வண்டி பூராவும் உங்ககிட்டத்தான் வருது. நாமக்கல்லுல அத்தன பட்டறையும் சாத்திக் கெடக்க, வேதக்காரரு சாமானுக்கு மட்டும் லீவே கெடையாதுங்களா?

— உண்டு. சூசையப்பர் திருநாளுக்குச் சாமியார் மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிப்பார். அன்னைக்கு என் சாமான் எதையும் தொடாது.

— நாம் பாட்டுக்குச் சுத்தியல் கதையச் சொல்லிப்போட்டேன். நீங்க மொதல்ல வாங்குனது என்னன்னு இன்னி வரைக்கும் சொல்லலீங்க. எப்பக் கேட்டாலும் பேச்ச மாத்திப்போடுவீங்க. எம் பட்டறைக்கு வந்தப்பவும் வெறுங்கையோடதான் வந்தீங்க.

— இன்னைக்குச் சொல்றேன். எதிர்ல டீக்கடைக்குப் போனாரே இந்த லாரிக்காரர், அவர் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடணும்.

— அவருக்கு என்னுங்க?

— கேளு. என் அம்மா சாலம்மாள். சேலத்துல, செவ்வாப்பேட்டையில வீடு. கன்னியர் மடத்துக்குத் துணி துவைச்சா. அப்பா முகம் எனக்குத் தெரியாது. நான் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டுல வேலை கத்துக்கிட்டிருந்தேன். சொந்தச் சாமான் இல்லாதவனை அங்கே ஒருத்தனும் ஆளா மதிக்க மாட்டான். ஒருநாள் அம்மா காதுக் கம்மலைக் கழட்டிக் கையில குடுத்தா. "உன் கையில உன் சாமான் இருக்கட்டும்டா"ன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

— அத வித்து வாங்கினீங்களா?

— ரிங் ஸ்பேனர் செட்டு. புத்தம் புதுசு. எண்ணெய்க் காகிதம் சுத்தினது. அந்தக் காகிதத்தைப் பிரிக்க மனசு வரலை. தலைமாட்டுல வெச்சுப் படுத்தேன். விடிஞ்சதும் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள்ள அது என்னோடது இல்லைன்னு ஆயிடுச்சு.

— களவு போச்சுங்களா?

— களவு பண்ணினவன் நான்னு ஆச்சு. ஹெட் மேஸ்திரி கம்பெனி செட்டு ஒண்ணை ரகசியமா வித்துத் தின்னிருந்தார். முதலாளி எங்கேன்னு கேட்டார். மேஸ்திரி என் செட்டைத் தூக்கிக் காட்டி, "இதோ, இவன்தான் திருடினான், கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்"னுட்டார்.

— அடப் பாவி!

— அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். சேலத்துலருந்து வாழப்பாடி வரைக்கும் பட்டறை பட்டறையாப் போய், என் பேரைச் சொல்லி, "திருடன், உள்ளே சேர்க்காதீங்க"ன்னார். சேதி மடத்துக்கும் போச்சு. திருடனைப் பெத்தவகிட்ட யார் துணியைக் குடுப்பாங்க? அம்மா மூளிக் காதோட வீடு வீடா ஏறி இறங்கினா. மூளிக் காதோடவே போய்ச் சேர்ந்தா. நான் கிணத்து மேட்டுல ஆயில் இஞ்சின் துடைச்சுப் பிழைச்சேன். ஒருத்தனும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கூட இந்தக் கையில குடுக்கலை. எல்லாம் அம்பத்திமூணுல நடந்தது. பத்து வருஷம் ஆகுது.

— அந்த நாயி பேரென்னுங்கண்ணா?

— கந்தவேல். அதோ, டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாரே.

— ஐயோ, சாமி! இவரா? தெரிஞ்சுமா வண்டியக் கையில எடுத்தீங்க?

— தெரிஞ்சதாலதான் எடுத்தேன். வேற ஆளா இருந்தா, கிளட்சைக் கொஞ்சம் இழுத்து வெச்சு, மெதுவா ஓட்டுங்க, சேலம் வரைக்கும் தாங்கும்னு அனுப்பியிருப்பேன்.

— அப்பறம் எதுக்குங்க கியர் பாக்ஸ இறக்குனோம்? கிளட்ச் பிளேட்டு தேஞ்சுதான இருக்குது?

— தேஞ்சுதான் இருக்கு. மாத்த வேண்டியதுதான். இன்னைக்கே மாத்தணும்னு இல்லை.

— பிரிச்சுப் போட்டுட்டீங்க…

— ஒருத்தன் பிரிச்ச வேலையை இன்னொருத்தன் தொடுவானா, தங்கசாமி?

— எப்படீங்க தொடுவான்? பெத்த அப்பன் பிரிச்சுப் போட்டதா இருந்தாலும், அவன் வாயத் தொறந்து "எடுத்துக்கோ"ன்னு சொல்லாம மகன் கை வெக்க மாட்டான். தொட்டா அவன் மெக்கானிக்கே இல்லீங்களே. அண்ணா, என்ன பண்ணப் போறீங்க?

— ஒண்ணும் பண்ணப் போறதில்லை. அதைத்தான் பண்ணப் போறேன்.

— வாராருங்க.

— ராயப்பன்ங்கிற என் பேரையும் சாலம்மாள்ங்கிற அம்மா பேரையும் சொல்லாதே. அண்ணான்னு மட்டும் கூப்பிடு. அந்தப் பேர் அவர் வாயிலருந்து வரணும்.

— என்ன தம்பிகளா, முடிஞ்சுதா? அடேயப்பா, கியர் பாக்ஸையே இறக்கிட்டியா! பக்கத்து வேலூர்ல வெத்திலை ஏத்தி வந்திருக்கேன், தெரியுமில்ல? மேலே போட்ட ஈரச் சாக்கு இப்பவே காஞ்சுபோச்சு. பொழுது சாயறதுக்குள்ள சேலம் ஜங்ஷன் போய் ரயில் ஏத்தணும். டிரைவர் பூசைன்னு ஊருக்குப் போயிட்டான், நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்.

— நீங்க பழைய மேஸ்திரியாமுங்களே?

— பின்னே? சேலத்துல பஸ் கம்பெனியில ஹெட் மேஸ்திரி. நான் கண்ணசைச்சா இருபது கை ஓடும், தெரியுமில்ல. இப்ப சொந்த லாரி. ஒத்தை லாரிதான், ஆனா சொந்தம்.

— நாங்க மொதமொதல்ல வாங்குன சாமானப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோமுங்க. நீங்க என்னுங்க வாங்கினீங்க?

— நானா? நல்லாக் கேட்டே போ! நான் எதையும் வாங்கினதே இல்லை தம்பி. அசடன்தான் சாமான் வாங்குவான். கெட்டிக்காரனைச் சாமான் தேடி வரும், தெரியுமில்ல?

— வந்துதா?

— வந்துது, வந்துது.

— எண்ணெய்க் காகிதத்தோட வந்துதா?

— …என்ன கேட்டே?

— காதுல விழுந்ததைத்தான் கேட்டேன்.

— ஏம்பா, ஏன் ஸ்பேனரைக் கீழே வெக்கிறே? வேலை பாதியில கிடக்கு.

— பாதியிலதான் கிடக்கும். இனி எடுக்கறதா இல்லை.

— விளையாடாதே. கூலி பத்தலைன்னா வாயைத் தொறந்து சொல்லு.

— கூலி வேண்டாம்.

— பைத்தியமா உனக்கு? ஏம்பா, நீ சொல்லு உங்க அண்ணன்கிட்ட. சரி, போகட்டும், ஊர்ல வேற பட்டறையா இல்லை? நான் போய் ஆள் கூட்டிக்கிட்டு வர்றேன்.

— எங்கீங்க போவீங்க? அத்தனை பேரு சாமானும் பூவும் பொட்டுமா சாமி முன்னால கெடக்குது. நாளைக்கே எடுத்தாலும், அண்ணன் பிரிச்ச வண்டின்னா ஒருத்தன் குனிஞ்சு பாக்க மாட்டான். நீங்க இருபது கைய ஓட்டுன மேஸ்திரி. உங்களுக்குத் தெரியுமில்லீங்?

— வெத்திலை வெந்துபோயிடும்பா!

— வேகட்டும்.

— இந்த ஒரு லோடு கெட்டா வேலூர்க்காரன் இனி எனக்குத் தர மாட்டான். அதை நம்பித்தான் என் குடும்பமே இருக்கு.

— ஒரு கம்மலை நம்பியும் ஒரு குடும்பம் இருந்தது.

— யாருப்பா நீ?

— அது உங்க வேலை. நீங்கதான் சொல்லணும்.

— எனக்குத் தெரியலையேப்பா. சத்தியமாத் தெரியலை.

— நினைச்சுப் பாருங்க. நேரம் இருக்கு. ரயிலுக்குத்தான் இல்லை.

— அண்ணா, பெரியவரு பாவமுங்க. வேணாமுங்கண்ணா, போதும். மூடி அனுப்பிச்சுப் போடலாம். சாமி நாளு.

— எங்கம்மா ஷெட் வாசல்ல வெயில்ல நின்னு, மண்ணுல முழங்கால் போட்டு, என் மகன் திருடலை, நான்தான் காசு குடுத்தேன்னு அழுதா. இவர் பீடி பத்த வெச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தார். பீடி முடிஞ்சதும் உள்ளே போயிட்டார். உனக்கு இரக்கம் அதிகம், தங்கசாமி. அது நல்ல குணம்தான். இன்னைக்கு மட்டும் அதையும் அந்தப் பூசையில வெச்சுடு.

— இரு… இரு. வாசல்ல முழங்கால் போட்டு… வெள்ளைச் சேலை…

— வெள்ளைச் சேலைதான்.

— இப்படி வெளிச்சத்துக்கு வா. முகத்தைக் காட்டு. ஆண்டவனே! நீயா? நீ… இருக்கியா?

— இருக்கேன். உங்க புண்ணியத்துல இல்லை.

— தாடையெல்லாம் மாறிடுச்சு. மீசை வேற. ஆனா அந்தக் கண்ணு, அது அப்படியே இருக்கு. உன்னை நான் மறக்கலைப்பா. எவனை மறந்தாலும் உன்னை மறக்க முடியலை.

— மறக்கலைன்னா சொல்லுங்க. என்ன நடந்துது?

— கம்பெனி செட்டை வித்தது நான்தான். முதலாளி கேட்டப்ப எவனையாவது காட்டியாகணும். நீ அப்பதான் புதுச் செட்டோட உள்ளே வந்தே. அது உன் சொந்தம்னு பார்த்ததுமே தெரியும். சொந்தச் சாமானைத்தான் அப்படித் துடைச்சுத் துடைச்சு வெப்பான்.

— தெரிஞ்சும் ஏன் என்னைக் காட்டினீங்க?

— மத்தவனுக்கெல்லாம் அப்பன், சித்தப்பன், மாமன்னு தடியோட வந்து நிக்க ஆள் இருந்துது. உனக்கு ஒரு தாய் மட்டும்தான். தாய் வந்தா அழுவா. அழுதுட்டுப் போயிடுவா.

— தூ! நீயெல்லாம் மனுசனாயா?

— தங்கசாமி, இரு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

— துப்பட்டும்பா, துப்பட்டும். நான் உன் காலைத் தொடவா? தொடறேன். மூடிக் குடுத்துடு.

— கால் வேண்டாம். எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு உண்டு. சாமியார் காதுல மெல்லச் சொன்னாப் போதும், வெளியே ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. இது அந்தக் கணக்கு இல்லை. அன்னைக்கு நீங்க என் பேரை ஊருக்கெல்லாம் கேக்கச் சொன்னீங்க. இன்னைக்கும் ஊருக்குக் கேக்கணும். அதோ, தங்கசாமி பூசையில வெச்சிருக்கிற சாமானுக்கு முன்னால போய் நில்லுங்க. தெருவைப் பாருங்க. என் தாய் பேரு, என் பேரு, ரெண்டையும் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் திருடன் இல்லைன்னு சொல்லுங்க. சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் நான் ஸ்பேனரைக் கையில எடுப்பேன். ரயிலுக்கு முன்னாடி ஜங்ஷன்ல இருப்பீங்க.

— அவ்வளவுதானே? சொல்றேன்பா. சொல்லாம? இத்தனை வருஷமா இது என் நெஞ்சுல கிடந்து அறுக்குது, தெரியுமில்ல.

— டீக்கடைக்காரண்ணோவ்! அந்த ரேடியோவக் கொஞ்சம் அமத்துங்க! பொரி உருண்டையத் திங்கறவங்கெல்லாம் அப்படியே இக்கட்ட வாங்க! அண்ணா, எல்லாரும் வந்துட்டாங்க. பஸ்ஸுக்கு நின்னவங்களும் வாராங்க.

— நல்லது. சத்தமா, மேஸ்திரி. பின்னால நிக்கிறவருக்கும் கேக்கணும்.

— ஐயா, எல்லாரும் கேட்டுக்குங்க. நான் சேலம் கந்தவேல். இதோ நிக்கிறவன் திருடன் இல்லை. திருடினவன் நான்.

— பேரைச் சொல்லலை.

— சொல்றேன், சொல்றேன். கண்ணீர் வருதுப்பா, பேச விடமாட்டேங்குது… சூரமங்கலம் மரியபுஷ்பம் மகன் சவரியார் திருடன் இல்லை! போதுமா, சவரியாரு? நீ தண்டவாளத்துல தலையை வெச்சுட்டேன்னு சொன்னாங்களேப்பா, அன்னையிலருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. இதோ உசிரோட என் கண்ணு முன்னால நிக்கிறியே, இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்.